பொடுதலைக்கு ஆறு டாலர்

கொஞ்ச நாளா ஆபீஸில் ஆணி அதிகம். அதனால் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. இன்னிக்கு ஒரு செடியைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்திருக்கேன். என்னை நேரில் தெரிஞ்சவங்க இப்பவே சிரிக்க ஆரம்பிச்சிருப்பீங்க. ஹாஸ்டல் ஜன்னலில் வச்ச மணிப்ளாண்டையே சாகடிச்ச பய நான்.

நாங்க இருக்கிறது டெக்ஸஸில், ஆஸ்டினுக்கு வடகிழக்கே ஹட்டோ என்கிற ஊரில். ஊருக்குள்ள எங்க திரும்பினாலும் சிமெண்டில் செஞ்ச நீர்யானை நிக்கும். அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்றேன். 2022 கடைசியில் இங்க வீடு வாங்கினோம். வீடு கட்டினவங்க முன்வாசலில் செயிண்ட் அகஸ்டின் புல்லை ஜமுக்காளம் மாதிரி உருட்டி விரிச்சுக் குடுத்தாங்க. நம்ம கணக்கில் ரெண்டு சென்ட் இருக்கும். அகலமான இலை, கண்ணைப் பறிக்கிற பச்சை. நானும் தங்கமணியும் அதுக்கு முன்னாடி நின்னு ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பினோம்.

அந்தப் புல்லுக்கு அடியில் என்ன இருக்குன்னு நான் பார்க்கவே இல்லை.

2023 ஜூன் மாசம் அம்மா வந்தாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் கோவில்பட்டியில் தனியாத்தான் இருக்காங்க. வந்த மறுநாள் காலையில், ஜெட்லாக்கில் நாலு மணிக்கே எழுந்து, விடிஞ்சதும் வாசலுக்குப் போயிருக்காங்க. நான் காபியோட போய்ப் பார்த்தா, நடைபாதை ஓரத்தில் புல் விலகின இடத்தில் குத்தவச்சு உட்கார்ந்து, ஒரு கட்டி மண்ணை எடுத்து விரலால் நுணுக்கிக்கிட்டு இருந்தாங்க.

"என்னய்யா, இது நம்ம கரிசல்லா?"

உண்மைதான். மத்திய டெக்ஸஸில் வடக்கு தெற்கா ஒரு நீளமான பட்டை இருக்கு, பிளாக்லேண்ட் ப்ரெய்ரின்னு பேரு. கறுத்த களிமண். மழை பெஞ்சா ஊதும், காஞ்சா சுருங்கும், கோடையில் கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். இந்த வகை மண்ணுக்கு ஹூஸ்டன் பிளாக்னு பேர் வச்சு மாநில மண்ணாவே கொண்டாடுறாங்க. மண் அறிவியல்காரங்க இதையும் நம்ம கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலையும் 'வெர்ட்டிசால்'ங்கிற ஒரே வகையில்தான் சேர்க்கிறாங்க. பருத்தி விளையிற பூமி அதுவும், இதுவும். எங்க வீட்டிலிருந்து கிழக்கே பத்து நிமிஷம் கார் ஓட்டினா பருத்திக் காடுதான். அறுவடை சமயத்தில் உருண்டை உருண்டையா மஞ்சள் தாள் சுத்தின பொதிகள் காட்டில் கிடக்கும்.

இதெல்லாம் எனக்கு அம்மா கேட்டதுக்கு அப்புறம் தேடிப் படிச்சுத் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி ஆறு மாசமா இந்த மண்ணு மேலதான் குடியிருந்தேன்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. இந்த வீட்டு முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைஞ்சப்போ, ஊரில் அப்பா பேரில் இருந்த மூணு ஏக்கர் மானாவாரிக் கரிசலை வித்துடலாம்னு சொன்னது நான்தான். "யாரும்மா இனிமே அங்க வெவசாயம் பண்ணப் போறா, கருவேலமரம்தான் மண்டிக் கெடக்கு"ன்னு போனில் பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சேன். அம்மா அன்னிக்கு மண்ணை உதிர்த்துட்டுக் கையைச் சேலையில் துடைச்சுக்கிட்டு எழுந்தாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. "காப்பி ஆறிரும், குடு"ன்னாங்க.

அந்த வருஷக் கோடையை இங்க இருக்கிறவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஆஸ்டினில் ஜூலை 8 தொடங்கி 45 நாள் விடாம நூறு டிகிரிக்கு மேல. அதுக்கு முந்தைய தொடர் சாதனை 2011-ல் 27 நாள்தான். எங்க பக்கம் வாரம் ஒரு நாள்தான் ஸ்பிரிங்க்ளர் போடலாம்னு கட்டுப்பாடு வந்துருச்சு. மண் வெடிக்க ஆரம்பிச்சதும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க அஸ்திவாரத்தைச் சுத்தி ஓட்டை ஓட்டையா இருக்கிற ரப்பர் குழாயைப் பதிச்சு மெதுவாத் தண்ணி விட்டாங்க. களிமண் சுருங்கினா வீடு விரிசல் விடும், அதனால மண்ணை ஈரமா வச்சுக்கணும். அம்மாவுக்கு இது பெரிய அதிசயம். "ஏய்யா, வீட்டுக்கா தண்ணி பாய்ச்சுறாங்க? வளரவா போகுது?"

புல்லு மஞ்சளாச்சு, அப்புறம் பழுப்பாச்சு, அப்புறம் விளக்குமாத்துக் குச்சியாச்சு. ஆகஸ்ட்டில் ஹெச்.ஓ.ஏ.விலிருந்து கடுதாசி. (ஹெச்.ஓ.ஏ. தெரியாதவங்களுக்கு: குடியிருப்போர் சங்கம். நம்ம ஊர் பஞ்சாயத்தை விடப் பவர் அதிகம். குப்பைத்தொட்டி ஒரு நாள் கூடுதலா வெளியில் நின்னாலும் ஓலை வரும்.) முன்வாசல் புல்தரை பராமரிப்பில்லாமல் இருக்கு, முப்பது நாளைக்குள் சரி பண்ணு, இல்லேன்னா அபராதம். ஒரு கை தண்ணி விடாதேங்குது, ஒரு கை பச்சையா வைங்குது. அவ்வ்வ்வ்...

புதுப் புல் விரிக்க விசாரிச்சேன். சொன்ன தொகையைக் கேட்டதும் தங்கமணி பார்த்த பார்வையில் மிச்சம் இருந்த புல்லும் காஞ்சுது.

இந்த நேரத்தில்தான் அந்தச் சம்பவம். தினம் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அம்மா சேலைக்கு மேல என்னோட பழைய தொப்பியும், காலுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூவுமா நடக்கப் போவாங்க. நானும் கூடப் போவேன். எங்க காலனிக்குப் பின்னால மழைத்தண்ணி வடியிறதுக்கு ஒரு ஓடை வெட்டியிருக்காங்க. ஆகஸ்ட் கடைசி, சுத்துவட்டாரத்தில் பச்சைன்னு ஒண்ணும் இல்லை. அந்த ஓடைச் சரிவில் மட்டும் தரையோட தரையா ஒரு பச்சை. அம்மா சட்டுனு நின்னுட்டாங்க. குனிஞ்சு ஒரு கொடியை இழுத்து, இலையைக் கசக்கி மோந்து பார்த்து,

"எய்யா, இது பொடுதலைல்லா!"

"எது?"

"பொடுதலைடா. உனக்கு எம்புட்டு அரைச்சுத் தேய்ச்சிருக்கேன்."

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஸ்கூல் படிக்கும்போது எனக்குத் தலையெல்லாம் பொடுகு. வெள்ளைச் சட்டை தப்பிக்கும், நீலக் கால்சட்டையில் மாவு கொட்டின மாதிரி இருக்கும். பசங்க 'மாவு மில்'னு கூப்பிடுவாங்க. அம்மா கண்மாய்க் கரையிலிருந்து ஏதோ ஒரு பச்சையைப் பறிச்சுட்டு வந்து அரைச்சு, நல்லெண்ணெயில் காய்ச்சி, ஞாயித்துக்கிழமை காலையில் என்னைப் பிடிச்சு உட்கார வச்சுத் தேய்ப்பாங்க. அந்த வாசனை ஞாபகம் இருக்கு. எண்ணெய் கண்ணில் இறங்கின எரிச்சல் ஞாபகம் இருக்கு. ஆனா அந்தச் செடி எப்படி இருக்கும்னு ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்மாய்க் கரை மேலதான் தினம் ஸ்கூலுக்கு சைக்கிள் மிதிச்சேன். டயருக்கு அடியிலேயே இருந்திருக்கு.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொடி மாதிரி தரையில் ஓடுது. கணுவுக்குக் கணு வேர் விடுது. இலை நுனியில் மட்டும் சின்னதா ரம்பப் பல். குட்டிக் காம்பு மேல ஒரு ஊதாக் கொண்டை, அதைச் சுத்தி வளையமா வெள்ளைப் பூ. "தீக்குச்சி மாதிரி இருக்கும்மா"ன்னேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினவங்க. கையில் வச்சு உத்துப் பார்த்துட்டு, "மருந்து கொஞ்சம் தூக்கலா முக்கிட்டாங்க"ன்னாங்க :-)

வீட்டுக்கு வந்து தேடினா, ஃபைலா நோடிஃப்ளோரா. இங்க பேரு ஃப்ராக்ஃப்ரூட், தவளைப்பழம். தவளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பழம்னு சொல்லிக்கவும் ஒண்ணுமில்லை. டெக்ஸஸின் சொந்தச் செடி, வெள்ளத்தையும் தாங்கும் வறட்சியையும் தாங்கும், புல்லுக்கு மாற்றா வைக்கலாம்னு எழுதியிருக்கு. நம்ம ஊரிலும் கண்மாய்க்கரை, வாய்க்கால் வரப்புன்னு தானா வளர்ந்து கிடக்கிற அதே செடி. சூடான நாடுகளில் பாதிக்கு மேல இது சொந்தம் கொண்டாடும் போல. பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். நான் ஹெச்1பி பேப்பரை ஃபைலில் வச்சுக் காவல் காத்துக்கிட்டு இருக்கேன்.

சனிக்கிழமை மூணு பேரும் நாட்டுச்செடி விக்கிற நர்சரிக்குப் போனோம். அங்க ஒரு வரிசையில் கையகலத் தொட்டிகளில் பொடுதலை. 'டெக்ஸஸ் நேட்டிவ்'னு பெருமையா அட்டை சொருகி, தொட்டி ஆறு டாலர். அம்மா ரூபாயில் கணக்குப் போட்டுட்டு அப்படியே பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துட்டாங்க. "பொடுதலைக்கு ஐநூறு ரூவாயா?"

நான் இன்னும் கொஞ்சம் சொதப்பினேன். ஓரத்துக்குப் புதர் மாதிரி ஏதாவது வேணுமேன்னு, மஞ்சளும் ஆரஞ்சுமா பூத்திருந்த டெக்ஸஸ் லண்டானாவில் நாலு தொட்டி எடுத்து வண்டியில் வச்சேன். வெயிலுக்கு அசராது, மானும் வாய் வைக்காதுன்னு நர்சரிக்காரர் சொன்னார். அம்மா எட்டிப் பார்த்தாங்க. "உண்ணிச்செடியத் துட்டு குடுத்தா வாங்குத? வெளங்கும்."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கு. அமெரிக்கக் கண்டத்து லண்டானா ஒண்ணை வெள்ளைக்காரங்க அழகுக்குன்னு இந்தியாவுக்குக் கொண்டுபோய்த்தான், இன்னிக்கு முதுமலை, சத்தியமங்கலம்னு காடெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கு. இங்க விக்கிறது அதுக்குத் தங்கச்சி முறை, வேற இனம், இந்த ஊர்க்காரி. வேலி தாண்டாம ஒழுங்கா இருக்கா. இதில் இன்னொரு கூத்து, லண்டானாவும் பொடுதலையும் ஒரே குடும்பம். பூவைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தா மூக்கு ஒரே மாதிரி இருக்கும். திரும்பி வரும்போது கடையில் மெஸ்கீட் விறகுச் சிப்பம் கறி சுடுறதுக்குன்னு அடுக்கி வச்சிருந்தது. அதுவும் நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அதை அம்மாகிட்ட நான் சொல்லலை. கருவேலமரம்னு பேச்செடுத்தா பேச்சு எங்க போகும்னு எனக்குத் தெரியும்.

ஹெச்.ஓ.ஏ. விவகாரத்துக்கு வருவோம். டெக்ஸஸில் 2013-ல் ஒரு சட்டம் போட்டிருக்காங்க. வறட்சி தாங்கும் தோட்டத்தையோ தண்ணி கம்மியாக் குடிக்கும் புல்லையோ வைக்கக் கூடாதுன்னு சங்கம் தடை போட முடியாது. பிளான் கேட்கலாம், பார்த்து ஒப்புதல் குடுக்கலாம். காரணமில்லாம மறுக்க முடியாது. விடுவமா? நாம பொட்டி தட்டுற பரம்பரை. ஆறு பக்கத்துக்கு டிசைன் டாக்குமெண்ட் போட்டு, படம் வரைஞ்சு, செடி பேரு, இடைவெளி, உயரம் (மூணு நாலு அங்குலத்துக்கு மேல போகாது), ஓரத்துக்குக் கல் வரிசைன்னு அனுப்பினேன். டேமேஜர்கூட என் டாக்குமெண்டை அவ்வளவு கவனமாப் படிச்சதில்லை. மூணு வாரத்தில் ஒப்புதல் வந்துது. கல் வரிசை நடைபாதையிலிருந்து அரையடி உள்ளே தள்ளி இருக்கணும்கிறது மட்டும் நிபந்தனை.

தொட்டி பன்னிரண்டுதான் வாங்கினோம். ரெண்டு சென்டுக்கும் தொட்டியாவே வாங்கி, ரெண்டடிக்கு ஒண்ணுன்னு வச்சா, இருநூறுக்கு மேல வேணும். அம்மா ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நீண்ட கொடிகளை ரெண்டு கணுவுக்கு ஒண்ணா வெட்டி, காகிதக் கோப்பையில் மண் போட்டுச் சொருகிட்டாங்க. டைனிங் டேபிள், ஜன்னல், துணி துவைக்கிற மெஷின் மேல எல்லாம் கோப்பை. நூத்தைம்பது எண்ணினேன். ரெண்டு வாரத்தில் வேர் பிடிச்சுது. ஒரு பைசா செலவில்லை.

அக்டோபரில் செத்த புல்லைக் கொத்தி எடுத்துட்டு நட்டோம். அம்மா களைக்கொத்து கேட்டாங்க, கிடைக்கலை. கடையில் கிடைச்ச சின்னக் கரண்டியை வச்சே குழி போட்டாங்க. நான் ரெண்டு குழி போடுறதுக்குள்ள அவங்க பத்து. கரிசல் மண் ஈரமா இருக்கும்போது தொடக்கூடாது, கட்டியாயிரும், பதம் பார்த்துக் கொத்தணும்னு அவங்க சொல்லிக்கிட்டே போக, மூணு ஏக்கரை வித்த மவன் ரெண்டு சென்டில் பாடம் கேட்டுக்கிட்டு பின்னாடியே போனேன்.

நான் பண்ணின தப்பையும் எழுதிடுறேன், யாராவது வைக்கிறதா இருந்தா உதவும். களை வராதுன்னு மூணு அங்குலத்துக்கு மரச்சிராய் கொட்டி மூடினேன். புதருக்கு அது சரி, இதுக்குச் சரிப்படாது. கொடி ஓடி மண்ணைத் தொட்டாத்தான் கணுவில் வேர் விடும். சிராய் மேல ஓடினது எல்லாம் அந்தரத்தில் தொங்கிச்சு. அம்மா ஒரு வாரம் பார்த்துட்டு, நான் ஆபீஸ் போன நேரத்தில் எல்லாத்தையும் வாரி லண்டானா தூரில் ஒதுக்கிட்டாங்க. கேட்டதுக்கு, "போர்வையப் போத்திட்டு ஓடுன்னா எப்படி ஓடும்?"

நவம்பர் கடைசியில் அம்மா கிளம்பிட்டாங்க. ஆறு மாசத்துக்கு மேல இருக்க முடியாது.

2024 ஜனவரி நடுவில் குளிர் அடிச்சுது. ரெண்டு மூணு நாள் உறைநிலைக்குக் கீழேயே. காலையில் போய்ப் பார்த்தா மொத்தமும் காப்பித்தூள் நிறம். தொட்டா நொறுங்குது. ஊரிலிருந்து தினம் வீடியோ கால், முதல் கேள்வியே "பொடுதலை எப்படிய்யா இருக்கு?" தான். நான் "நல்லா இருக்கும்மா, வெளியில இருட்டா இருக்கு, நாளைக்குக் காட்டுறேன்"னு நாலு நாள் ஓட்டினேன். அஞ்சாவது நாள் ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல். தப்பிக்க முடியலை. போனை லண்டானா பக்கம் திருப்பினேன். அதுவும் குச்சியா நின்னுது.

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "காஞ்சிருச்சுன்னா காஞ்சிருச்சுன்னு சொல்லுய்யா. நான் மட்டும் உங்கிட்ட எல்லாத்தையுமா சொல்லுதேன்?"ன்னாங்க.

"என்னம்மா?"

"நம்ம நெலத்துல கல்லு ஊனிட்டாங்க. பிளாட் போட்டு. நான் உங்க ஊருக்கு வாரதுக்கு முன்னாடியே."

நான் அந்தப் பக்கம் வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இங்க வந்து, மண்ணை எடுத்துப் பார்த்து, ஆறு மாசம் கூட இருந்து, ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. "சரிம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அவங்களே பேச்சை மாத்தினாங்க. "மேல கருகுனா என்ன, வேரு கெடக்கும். பிடுங்கிப் போட்டுறாத. மாசியில பாரு."

மாசி கழிஞ்சு பங்குனி பிறந்த சமயம், மார்ச் நடுவில், காப்பித்தூளுக்கு நடுவில் பச்சைப் புள்ளி. ஏப்ரலில் கோப்பைச் செடிகள் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிச்சு. ஜூனுக்குள்ள முக்கால்வாசித் தரை மூடி, கொண்டை கொண்டையாப் பூ. ஆரஞ்சும் கறுப்புமா ஒரு குட்டி வண்ணத்துப்பூச்சி, ஃபேயான் கிரெஸெண்ட்னு பேராம், இந்தச் செடியில்தான் முட்டை போடுது. புழு இலையை ஓட்டை போடும், கண்டுக்காதீங்க, மருந்து கிருந்து அடிச்சுடாதீங்க. தேனீயும் வரும், அதனால வெறுங்காலோட நடக்காதீங்க. தங்கமணி ஒரு தடவை கொட்டு வாங்கினா, திட்டு நான் வாங்கினேன்.

ஒளிக்காம சொல்லணும்னா இது புல்தரை ஆகாது. நாலு பசங்க கால்பந்து ஆடினா தாங்காது. குளிர்காலம் ரெண்டு மூணு மாசம் பார்க்கச் சகிக்காது. எல்லை தாண்டிப் பக்கத்து வீட்டுப் புல்லுக்குள் நுழையும், மாசம் ஒரு தடவை கல் வரிசையை ஒட்டி வெட்டி விடணும். ஆனா 2024 கோடையில் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணி விட்டேன். 2025-ல் அதுவும் இல்லாம மூணு வாரம் தாக்குப் பிடிச்சுது. இலை லேசா வாடி, சுருண்டு, ஒரு தண்ணி கண்டதும் எழுந்துக்கும். ஹெச்.ஓ.ஏ. ஓலை வர்றதில்லை. குப்பைத்தொட்டிக்கு மட்டும் வருது.

போன மாசம் அம்மா போனில் அளவு சொல்ல, ஒரு கொத்து பறிச்சுக் கழுவி மிக்ஸியில் அரைச்சு நல்லெண்ணெயில் காய்ச்சினேன். பக்குவம் தெரியாம அடுப்பைக் கூட்டி வச்சு, புகை அலாரம் அலறி, தங்கமணி துண்டை எடுத்து வீசு வீசுன்னு வீச, அம்மா அந்தப் பக்கம் போனில் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாசனை மட்டும் அப்படியே இருந்துது. கண்ணும் அப்படியே எரிஞ்சுது. பொடுகு போச்சான்னு கேட்காதீங்க, தேய்ச்சு மூணு வாரம்தான் ஆகுது.

அடுத்த மே மாசம் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. தெற்கு ஓரத்தில், கான்கிரீட் சூடு அடிக்கிற இடத்தில், ரெண்டடி அகலத்துக்கு இன்னும் ஒண்ணும் பிடிக்கலை, வழுக்கையாத்தான் கிடக்கு. "அத்தை வர்றதுக்குள்ள அங்கேயும் கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சுப் பாருங்க"ங்கிறா தங்கமணி.